புது வீட்டின் முதல் பால்

சீர்வரிசைத் தட்டில் வெள்ளிக்கும் பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் இடமுண்டு. அலுமினியக் குண்டானை யாரும் வைப்பதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் பழைய வீட்டில் தினமும் பால் காய்ச்சியவள் அப்படியொரு குண்டான்தான். குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோனபோது, முதல் பால் தன்னிடம்தான் பொங்கவேண்டும் என்று ஏங்கினாள்.

அங்கே இருந்ததோ இண்டக்‌ஷன் அடுப்பு. வீட்டுக்காரி சுபாஷிணி பழக்கதோஷத்தில் குண்டானில் பாலை ஊற்றி அதன்மேல் வைத்தாள். அடுப்பு கீச்சிட்டது.

"என்மேல பாத்திரமே இல்லையே!"

"நிறைபாலோட உட்கார்ந்திருக்கேன், கண்ணு தெரியலையா?" என்றாள் குண்டான்.

"குரல் கேக்குது. ஆனா காந்தம் ஒட்டுற பாத்திரம்தான் எனக்குத் தெரியும்."

"எனக்கு ஒட்டும்டி," என்று இரும்பு தோசைக்கல் சிரித்தது. "நீ இறங்கு, நல்ல நேரம் போகுது."

"இன்னிக்கு மட்டும், ஒரு தடவை," என்று குண்டான் கெஞ்சினாள்.

"மாட்டேன்னா சொல்றேன்? நீ இருக்கிறதே தெரியலையேம்மா," என்றது அடுப்பு.

சுபாஷிணி பாலைக் காந்தம் ஒட்டும் புது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றினாள். அது பொங்கியபோது வீடே ஆரவாரித்தது. குண்டானின் உட்புறத்தில் மிச்சப் பால் ஆடை கட்டாமலே காய்ந்தது.

அதன்பின் அவள் அடுப்பேறவில்லை. அரிசி களைந்த தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றும் பாத்திரமாக பால்கனியில் இருக்கிறாள்.