பார்லி வயலில் ஒரு வட்டம்

"அந்த வட்டத்தை அழிச்சுவிடு, பிள்ளை. ஆருக்குத் தெரியப்போகுது?"

செபஸ்ரியன் மாமா கேட்பது இது மூன்றாவது தடவை. வேலை முடிந்து மோர்டென்ஸ்ருட் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஆரபிக்குச் சப்பாத்தைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. மனுசன் அதற்குள் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆரபிக்கு ஒஸ்லோவில் தொல்லியல் அலுவலகத்தில் வேலை. வானத்திலிருந்து எடுக்கும் செய்மதிப் படங்களைப் பார்த்து, மண்ணுக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் மாமா வீடு கட்ட வாங்கிய வயற்காணியில், பார்லிப் பயிர் ஒரு வட்டமாக மட்டும் பச்சை கூடித் தெரிந்தது. அடியில் பழங்காலத்துப் புதைகுழி. அறிக்கை போனால் அங்கே வீடு கட்ட முடியாது.

"நான் பதியாட்டி மெசின் வந்து கிண்டிப்போடும், மாமா."

"கிண்டட்டுமன்! ஆயிரம் வருசத்துக்கு முந்திச் செத்தது. பேர் தெரியுமோ? அழ ஆள் இருக்கோ? இருவது வருசம் ஒரு அறைக்குள்ளை கிடந்து வாங்கின காணியடி. உன்னைத் தோளிலை தூக்கித் திரிஞ்சவன் நான்!"

அது பொய்யில்லை. அதனால்தான் ஆரபிக்கு வலித்தது. நாளைக்கு எல்லாரும் நன்றி கெட்டவள் என்பார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

"ஏலாது, மாமா."

விறுக்கென்று எழுந்து கதவுவரை போனவர் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"சரி, அதை விடு. உன்ரை செய்மதியிலை எங்கடை ஊரும் தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"மாதா கோயிலுக்குப் பின்னாலை, சேமக்காலையிலைதான் அம்மாவைத் தாட்டனாங்கள். இப்ப அது ஆமியின்ரை பாதுகாப்பு வலயத்துக்குள்ளை. பதினேழு வருசமா ஒருத்தரையும் உள்ளுக்கு விடேல்லை. அம்மான்ரை குழி இருக்கோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுவியோ?"

ஆரபி கணினியைத் திறந்தாள்.

படம் மெல்ல மெல்லத் தெளிந்தது. மாமா கோயிலைக் கண்டுபிடித்தார். அதற்குப் பின்னால் விரலை நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

அங்கே குழிகள் இல்லை, நீளமாக ஒரு தகரக் கூரை.

மாமா விரலை எடுக்கவில்லை.

"அங்கையும் உன்னைப்போல ஒரு பிடிவாதக்காரி இருந்திருக்கக்கூடாதோ, பிள்ளை?"