லூயெல்லாவின் குளம்

"வாத்துகூட வந்துடுச்சு மெல். நேத்து மூணு, இன்னிக்கு அஞ்சு."

சமையலறை ஜன்னலை விட்டு வெர்னா நகரவே இல்லை. கணவர் மெல்வின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

மகள் பிரசவத்துக்காக நவம்பரில் அரிசோனா போனவர்கள் மே மாதம்தான் மிசூரி திரும்பினார்கள். வந்து பார்த்தால், பக்கத்து வீட்டு லூயெல்லாவின் சோளக்கொல்லை இருந்த இடத்தில் பெரிய குளம். கரையில் நாற்காலி போட்டு, மகாராணி மாதிரி காலைக் காப்பி குடிக்கிறாள் லூயெல்லா. பேரப் பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள்.

"வெட்டினது யார் மெஷின் தெரியுமா? கரை வாரியத்து மெஷின். தபால்காரரே சொன்னார்."

ஆற்றோரத்து முப்பது குடும்பங்கள் ஓட்டுப் போட்டு வைத்த வாரியம் அது. ஏக்கருக்கு இவ்வளவு என்று வரி வாங்கி, வெள்ளம் ஊருக்குள் வராமல் கரையைப் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அதற்கு வேலை.

"என் வரியில அவளுக்கு மீன்குளமா? நமக்கு என்ன செஞ்சாங்க? கொல்லைப்புறக் கரைய நாலடி உசத்தி, ஜன்னல்லேர்ந்து ஆறே தெரியாம அடிச்சுட்டாங்க. எனக்கிருந்த தண்ணிய மறைச்சுட்டு அவளுக்குக் குடுத்திருக்காங்க."

"வெர்னா, போன அக்டோபர்ல ஹார்லன் நம்ம வீட்டுக்கு..."

"இப்ப ஹார்லன் பேச்சு எதுக்கு? திங்கக்கிழமை கூட்டத்துல நேராவே கேக்கறேன்."

சொன்னபடி திங்கட்கிழமை, வாரியக் கூட்டம் நடக்கும் தீயணைப்பு நிலையத்துக்கு மெல்வினோடு போனாள். லூயெல்லா வழக்கம்போல எல்லாருக்கும் நெல்லிக்காய் வைத்த 'பை' என்ற இனிப்புப் பண்டம் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். வெர்னா அதைத் தொடவில்லை. சர்க்கரை வியாதி என்றாள். அவளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

வாரியத் தலைவர் ஹார்லன் எழுந்தார். "அடுத்த வாரம் ஆறு ஏறுது. போன வெள்ளத்தைவிட ரெண்டடி கூட வரும்னு ரேடியோவுல சொல்றாங்க."

போன வெள்ளத்தில் வெர்னா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அம்மா கொடுத்த பியானோ அதில்தான் போயிற்று. ஆனால் அவள் நினைப்பு முழுவதும் வாத்துகள் மேலேயே இருந்தது.

"அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி ஹார்லன். வாரியத்து மெஷினால தனியார் நிலத்துல குளம் வெட்டலாமா?"

லூயெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தாள் வெர்னா.

"புருஷன் இல்லாதவங்கன்னா அவங்களுக்கு ஒரு சட்டமா? கேட்டா நான் பொல்லாதவ."

"விடுங்க ஹார்லன்" என்றாள் லூயெல்லா மெதுவாக. "அவங்களுக்குப் பிடிக்கலன்னா குளத்தை மூடிடலாம்."

"எதைப் போட்டு மூடறது லூயெல்லா?" என்ற ஹார்லன் வெர்னா பக்கம் திரும்பினார். "குளம்னு யாரும் வெட்டல. மண்ணெடுத்த பள்ளம். தண்ணி தானா ஊறிச்சு. அக்டோபர்ல உங்க வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"மண்ணு கேட்டு வந்தீங்க. விளையற மண்ணு, ஒரு கூடைகூடத் தரமாட்டேன்னேன். என் நிலம். அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. வெளியில வாங்கினா எல்லாருக்கும் வரி ரெண்டு மடங்காகும். இவங்கதான், அடுத்த வீடு முழுகறதைப் பார்த்துட்டு எப்படி இருக்கறது, என் கொல்லையில எடுத்துக்கோங்கன்னாங்க. காசு வாங்கல. இனி அங்க சோளம் விளையாது."

மெல்வின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெர்னா மட்டும் விடவில்லை.

"அதெல்லாம் சரி. குளத்தை மூட முடியுமா, முடியாதா?"

"தாராளமா மூடலாம்" என்றார் ஹார்லன். "அந்த மண்ணு முழுக்க உங்க வீட்டுக்குப் பின்னால நாலடி உசரத்துக்கு நிக்குது. நாளைக்கே எடுத்துக்கட்டுமா?"