நாலு வருடச் சனி

நாலு வருடத்துக்குக் கலியாணப் பலன் இல்லை, சனி குறுக்கே நிற்கிறான் என்று, சாத்திரியார் புதிதாகப் பலன் எழுதிக் கொடுத்த சாதகக் கொப்பியைப் பார்த்து அப்பா வாசித்ததும், அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

யதுஷா குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாலு வருடம்! தாதியர் பட்டப்படிப்புக்கும் சொல்லிவைத்தாற்போல் அதே நாலு வருடம். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அது சனி பகவானாக இருக்கும் என்று யார் கண்டது?

வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் இரண்டு வருடமாக டொக்டர்மாரின் கிறுக்கலை வாசித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். நேர்ஸுக்குப் படிக்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், கட்டுகிறவன் படிப்பிக்கட்டும் என்று அம்மா கதையை முடித்துவிடுவார். வங்கியில் கிடக்கும் இருபத்தைந்து லட்சம் சீதனக் காசு, அதில் யாரும் கை வைக்கக்கூடாது. கனடா மாப்பிள்ளைக்கு இந்த மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

சொல்லவேண்டிய பதிலைச் சனியே சொல்லிவிட்டான். பாவம் அம்மா.

யதுஷா மேசையில் தாளை விரித்தாள். எட்டு செமஸ்ரர், ஒன்றுக்கு இரண்டேகால் லட்சம். பதிவுக் காசு, புத்தகம், யூனிபோம், நாலு வருட பஸ் காசு. கூட்டினால் இருபத்துநாலு. ஐயோ, ஒரு லட்சம் மிச்சம்கூட வருகிறது! முடிக்கும்போது வயது இருபத்தொன்பது. வரட்டுமே.

சும்மா இருந்து வயது போவதைவிட அந்தக் காசில் படித்துத் தொலைக்கட்டும் என்றார் அம்மா, மூக்கைத் துடைத்தபடி. அந்தத் 'தொலைக்கட்டும்' யதுஷாவின் காதில் தேவாரமாக விழுந்தது. கனடாக்காரரை வேறு இடம் பார்க்கச் சொல்வதற்காக, அம்மா தரகருக்குப் போன் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார்.

மிஞ்சியது ஒன்றுதான். சனி எந்த மாதம் விலகுகிறான் என்று தெரிந்தால், கடைசி செமஸ்ரர் சோதனை அதற்கு முன் முடியுமா என்று பார்க்கலாம்.

சாமித்தட்டிலிருந்த கொப்பியை எடுத்து விரித்தாள். சாத்திரியாரின் கோழிக் கிறுக்கலை அந்த வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் வாசித்ததில்லை.

டொக்டர்மாரின் எழுத்தோடு மாரடிக்கிறவளுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?

'வருகிற ஆவணிக்குள் விவாகம் கைகூடும். தடை ஏதுமில்லை.'

இரண்டு தரம் வாசித்தாள். அந்தப் பக்கத்தில் சனியின் பெயரே இல்லை.

முப்பது வருடம் கந்தோரில் கணக்கெழுதியும் ஒரு சதம் பிழைவிடாத அப்பா, மேசையில் அவளுடைய தாளைப் பென்சிலால் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"சப்பாத்தை விட்டிட்டாய் பிள்ளை," என்றார், நிமிராமலே. "நாலு வருசத்துக்கு எட்டுச் சோடியெண்டாலும் வேணும்."