மீன்தொட்டியில் அந்தோணியார்

"இன்னிக்கு பம்பு ஓடலன்னா, ரெண்டு மீனையும் செல்வாகிட்ட கொடுத்துடுவேன்!" என்றாள் அமலோற்பவம்.

உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கோமாளி மீன்கள் இரண்டும் மேலே வந்து காற்றுக்குத் தவித்தன. அவள் கணவர் ரபேல் அவற்றைவிட அதிகமாகத் தவித்தார்.

"அந்தோணியாரை வேண்டிக்குங்க," என்றாள் அவள்.

"ஜெபம் பண்ணா பம்பு ஓடுமா? கழட்டித்தான் பாக்கணும்." கோயில் பக்கம் போகாதவர் வேறு எப்படிப் பேசுவார்?

பக்கத்து வீட்டு செல்வா பம்பைக் கழற்றினான். "அலமாக்!" என்று வியந்தான். "அங்கிள், விசிறி காந்தத்துல ஏதோ ஒட்டியிருக்கு."

எடுத்துப் பார்த்தால், புனித அந்தோணியார் பதக்கம்.

"ஆண்ட்டி, உங்க வேலையா லா?"

அமலோற்பவம் தன் கழுத்துச் சங்கிலியை இழுத்துக் காட்டினாள். "என்னோடது இங்க இருக்கே."

இருவரும் ரபேலைப் பார்த்தார்கள். அவர் மீனைப் பார்த்தார்.

"போன வாரமே சத்தம் ஒரு மாதிரி வந்துச்சு. பம்பு நின்னுடக் கூடாதேன்னுதான் இதைத் தொட்டிக்குள்ள போட்டேன்."

செல்வா பம்பை மாட்டினான். தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது.

"மீன் இங்கேயே இருக்கட்டும்," என்றாள் அமலோற்பவம். "ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்து அந்தோணியார்கிட்ட நேர்லயே கேளுங்க. பாவம், அவரை எதுக்குத் தண்ணிக்குள்ள இறக்குறீங்க?"