சின்ன பைண்ட்

லேத்காரர் கொண்டுவந்து நீட்டிய கிண்ணத்தில் சூப்பு தளும்பிக்கொண்டிருந்தது.

கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி கையை நீட்டவில்லை. "இன்னிக்கு அளக்கலையா?"

கேட்க மாட்டாளா பின்னே?

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, டயாலிசிஸ் மெஷினை நம்பி ஓடும் உடம்பு. ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி, அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதற்குள்தான்.

டாக்டர் பேசுவது மில்லியில். வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய அளவு ஜாடியிலோ பைண்ட்டும் அவுன்ஸும்தான். அவள் எழுதியனுப்பிய சூப்புக் குறிப்பும் அப்படியே.

முப்பது வருஷம் அங்குலத்தை மில்லிமீட்டராக்கி இரும்பு கடைந்த மனுஷனுக்கு இது ஒரு கணக்கா? அடுப்புக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதிவைத்தார். ஒரு பைண்ட், ஐந்நூற்று அறுபத்தெட்டு மில்லி. மதியச் சூப்பு கால் பைண்ட், நூற்று நாற்பத்திரண்டு. ஒரு சொட்டு மிஞ்சக் கூடாது.

எட்டு மாதம் அப்படித்தான் ஓடியது. அவள் கெஞ்சினாள், திட்டினாள், காலிக் கரண்டியை நக்கினாள். முகம் கழுவும்போது வாயைத் திறக்கிறாளா என்று அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

'ஜெயிலர்' என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஓடி வந்து நின்றார். தண்ணீர் மட்டும் தரவில்லை.

"அளந்துதான் ஊத்தினேன்" என்றார் இப்போது. "பைண்ட்டுல பெருசு, சின்னதுன்னு ரெண்டு இருக்காம். இந்த ஜாடி சின்ன பைண்ட். கால் பைண்ட்டுன்னா நூத்திப் பதினெட்டுதான் வரும். தினமும் உனக்கு இருபத்திநாலு மில்லி கம்மியாக் குடுத்திருக்கேன். எட்டு மாசத்துக்குக் கூட்டிப் பாரு, ஆறு லிட்டர் கிட்ட வருது. எல்லாம் உனக்குச் சேர வேண்டியதுதான். குடி."

ஒரே மூச்சில் சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவள் வாங்கிக்கொண்டாள். கரண்டியை ஒதுக்கிவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, தொண்டை ஏறி இறங்கக் குடித்தாள். மோவாயில் வழிந்ததை விரலால் வழித்து அதையும் வாயில் வைத்துக்கொண்டாள்.

"பக்கத்து மெஷின்ல படுத்திருப்பாங்களே, டீச்சரக்கா" என்றாள், மூச்சு வாங்கியபடி. "அவங்க வீட்டுக்காரரும் ஒருநாள் பாட்டில் நிறைய ஜூஸ் கொண்டுவந்தாரு. சீட்டுல தப்பா எழுதிட்டாங்கன்னு சொன்னாரு. அடுத்த வாரம் அந்தக் கட்டில்ல வேற ஆள்."

லேத்காரர் அவள் ஒதுக்கிய கரண்டியை எடுத்துத் துடைத்தார்.

காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டிருந்தார். இதயம் இனி மெஷினைத் தாங்காது, கேட்டதைக் கொடுங்கள், அளக்க வேண்டாம் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கூட்டிப் பெருக்கி அவர் ஜோடித்த கணக்குதான் அந்தச் சின்ன பைண்ட். ஜாடியில் இருந்தது பெரியதுதான். எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவர் அளவு பிசகவில்லை.

அவள் காலிக் கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் அஞ்சரை லிட்டர் பாக்கி இருக்குல்ல. ஊத்துங்க."