கதவு மூடும் நேரம்

"யாரும் பயப்படக் கூடாது. பயம் வந்தா அம்மா கையைப் பிடிச்சுக்கணும். அவ்வளவுதான், விஷயம் முடிஞ்சுது."

விமானத்தின் நடு வரிசையில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள் கண்டக்டரம்மா. தெருவில் எல்லாருக்கும் அவள் கண்டக்டரம்மாதான். பன்னிரண்டு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவள். படியில் தொங்கும் தடியன்களையே ஒரே முறைப்பில் உள்ளே தள்ளியவளுக்கு நாலு வாண்டுகள் எம்மாத்திரம்?

பக்கத்தில் பதினொரு வயதுப் பெரியவள். அவளை ஒட்டிக் கடைக்குட்டி. கோடியில் வாலு. ஐந்தாவது சீட் நடைவழிக்கு அந்தப் பக்கம் கிடைத்ததால் அதில் அமுக்கு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற பிள்ளை அவன். அவனுக்கு அடுத்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பல் டாக்டர்.

"நாலையும் தனியாவா கூட்டிட்டுப் போறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"அம்பது பேர் ஏற வேண்டிய வண்டியில நூறு பேரை ஏத்தினவ நான். இது நாலுதானே."

"முதல் தடவையா?"

"ரெண்டாவது." கண்டக்டரம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "போன வருஷம் ஏறி உட்கார்ந்து, கிளம்பறதுக்குள்ள இறங்கிட்டோம். எனக்கு வயிறு சரியில்ல."

வயிறாவது ஒன்றாவது. பயம். அசல் பயம். அன்றைக்குக் கதவை மூடப் போகிற நேரத்தில் "நான் இறங்கணும், திறந்து விடுங்க" என்று எழுந்து நின்றுவிட்டாள். அவள் ஒருத்தியால் விமானம் முக்கால் மணி நேரம் தாமதம். பஸ் என்றால் விசில் அவள் வாயில். ஊதினால் வண்டி நிற்கும். இங்கே யாரிடம் போய் விசில் ஊதுவது?

கடல் தாண்டித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவர் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பவும் நடையாய் நடந்து எல்லாருக்கும் விசா வாங்கினார். அதில் ஊருக்குள் நுழைகிற கெடு இந்த வாரத்தோடு முடிகிறது. இன்றைக்கும் இறங்கினால் இனி எப்போதோ. கடைக்குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது போன மனுஷர். அவளுக்கு இப்போது நாலு வயது. அப்பா என்றால் போனில் தெரிகிற முகம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்காகவாவது இன்றைக்கு இறங்கவே கூடாது.

முன்னால் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. அவள் கை தன்னால் பெல்ட்டை அவிழ்க்கப் போனது.

"அம்மா, என் பெல்ட் சிக்கிக்கிச்சு. மூச்சு முட்டுது," என்று கோடியிலிருந்து கத்தினான் வாலு.

"உனக்குன்னு எங்கேருந்துடா வருது?"

இரண்டு மடிகளைத் தாண்டி எட்டிப் பார்த்தால், பெல்ட் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. திட்டிக்கொண்டே ஒவ்வொரு முறுக்காக அவிழ்த்து, இழுத்துக் கட்டி முடித்தபோது விமானம் நகர ஆரம்பித்திருந்தது.

பணிப்பெண்ணைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள்.

"அம்மா, பல்லு ஆடுது. ரத்தம் வருது." அமுக்குதான். அத்தனை சத்தமாக அவன் பேசி அவளே கேட்டதில்லை.

தூக்கிய கையால் அவன் தாடையைப் பிடித்தாள். "எது? ஆ காட்டு."

டாக்டரம்மாவும் குனிந்து பார்த்தார். "ரத்தத்தையும் காணோம், ஒண்ணையும் காணோம். கடப்பாறை போட்டாலும் இந்தப் பல்லு அசையாது."

"இப்பதான் ஆடுச்சு."

"எங்கே, ஆட்டிக் காட்டு."

"இப்ப நின்னுடுச்சு."

இந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் விமானம் ஓடுபாதைக்கு வந்து உறுமத் தொடங்கியது. கண்டக்டரம்மாவின் உச்சந்தலை வியர்த்தது. அவ்வளவுதான், கத்திவிடப் போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா," என்று பெரியவள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று காக்காயோடு பேசுகிறவள். "நீயாடி பயப்படறே?" என்று கேட்டாலும், கண்டக்டரம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. மகளின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அம்மா இருக்கேன்ல? மலைப்பாதையில பிரேக் பிடிக்காத வண்டியில வந்தவடி உங்கம்மா. அன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?"

"என்னம்மா ஆச்சு?"

சொன்னாள். முதல் வளைவு, இரண்டாம் வளைவு, டிரைவர் போட்ட கூப்பாடு, பின் சீட்டில் மயங்கி விழுந்த ஆள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். வண்டி ஏழாவது வளைவுக்கு வந்தபோது 'டிங்' என்று மணி அடித்து, பெல்ட் விளக்கு அணைந்தது.

"மேல வந்துட்டோமா?" என்றாள் நம்பாமல்.

"வந்து பத்து நிமிஷம் ஆச்சே," என்றார் டாக்டரம்மா.

கண்டக்டரம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. சாயங்காலம் பிள்ளைகள் அப்பாவிடம் இருக்கும். இனி யார் நினைத்தாலும் இறங்க முடியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்து, பழைய மிடுக்கோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா டாக்டர், ஒண்ணுக்குப் பெல்ட், ஒண்ணுக்குப் பல்லு, ஒண்ணுக்குப் பயம். நான் மட்டும் தைரியமா இல்லேன்னா இதுங்க கதி என்ன ஆகியிருக்கும்?"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அப்போது கடைக்குட்டி அக்காவின் கையைச் சுரண்டி, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, வரிசைக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"அக்கா, நீங்க மூணு பேர் பண்ணினதுலயே அம்மா இறங்காம இருந்துட்டாங்களே. அப்ப அப்பா போன்ல எனக்குச் சொல்லிக்குடுத்த அழுகையை நான் அழவே வேண்டாமா?"