ஜன்னல் சீட்டுக்காரி

இரண்டு இஞ்சினும் நின்று ஒரு நிமிடமாகிவிட்டது. ஒன்பது பேர் போகும் அந்தக் குட்டி விமானத்துக்கு அதுவரை பைலட்டே கிடையாது. இப்போது ஒருத்தி கிடைத்துவிட்டாள்: மெர்சியா, வயது பதினேழு, படிவத்தில் பதினெட்டு.

"வணக்கம், கேப்டன் மெர்சியா!" என்றது விமானம், நகைக்கடை விளம்பரக் குரலில். "தரையிறக்குவது என் வேலை. எங்கே என்று முடிவெடுப்பது மட்டும் சட்டப்படி உங்கள் பொறுப்பு."

"நான் எப்போ கேப்டன் ஆனேன்?"

"டிக்கெட் எடுக்கும்போது 'சம்மதம்' அழுத்தினீர்கள். ஜன்னல் சீட்டு கிடைத்தது அதற்காகத்தான்."

"ஏட்டி, வாசிச்சுட்டு அமுக்கக் கூடாதா?" என்று பின்னாலிருந்து அப்பா கத்தினார்.

"நீங்க என்னைக்குப்பா வாசிச்சீங்க?"

ஏறும்போது அந்த ஜன்னலுக்காகச் சண்டை போட்ட மாமா, "நீ எது சொன்னாலும் சரிதான், கேப்டன்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கடலில் இறங்கினால் நான்கு பேர் பிழைக்கலாம். உப்பளச் சாலையில் ஒன்பது பேரும் பிழைப்பீர்கள். சாலையில் நிற்பவர் பிழைக்க மாட்டார். இருபது வினாடி, கேப்டன்."

ஜன்னலில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. கீழே ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, விமானத்தைப் பார்த்துச் சிறுபிள்ளை போலக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

மெர்சியா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அவரு எதுல சம்மதம்னு அமுக்கினாரு?"